இரண்டே குறிகள்: செக்ரோல் முதல் ஒருங்குறி வரை

கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பொழுது புலருமுன்பே 'பெரட்டு' கூடுவது வழக்கமாக இருந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டங்களில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இக்காட்சி நாள் தவறாமல் நடந்தேறியது. லயங்களிலிருந்து வாளியும் உளியும் ஏந்தி வந்த பால்மரத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கிராணி விளக்கொளியில் ஒவ்வொரு பெயராக அழைப்பார். 'பெரட்டு' என்னும் சொல் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். அழைத்த பெயருக்கு ஆள் இருந்தால் செக்ரோல் என்னும் பேரேட்டில் ஒரு குறி விழும்; இல்லையேல் அதற்குரிய கட்டத்தில் வேறு குறி விழும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டத்தில் விழுந்த குறியே ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி. 'பேர்' விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

தொழிலாளியின் உடல்நலம், முதல்நாள் மழை, குழந்தையின் காய்ச்சல், தண்டலோடு ஏற்பட்ட வாய்ச்சண்டை என ஒரு நாளின் வாழ்க்கை முழுவதும் அந்தச் சிறு கட்டத்திற்குள் நுழையும்போது இரண்டில் ஒன்றாகிவிடுகிறது: வந்தார், வரவில்லை. இன்றைய கணிப்பொறி உலகத்தைத் தன் நினைவகத்திற்குள் வாங்கிக்கொள்ளும் முறையும் இதுவே. எழுத்து, எண், படம், பாட்டு எதுவாயினும் அதனிடம் சென்று சேரும்போது சுழி, ஒன்று என்னும் இரண்டு குறிகளின் வரிசையாகவே சேர்கிறது. அக்குறிகளுக்குத் தமக்கென்று பொருள் கிடையாது; பேரேட்டை எழுதுவோரும் படிப்போரும் முன்னதாகச் செய்துகொண்ட உடன்பாடே அவற்றுக்குப் பொருள் தருகிறது. அந்த உடன்பாட்டில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் கிடைத்த வரலாறு, மலேசியத் தமிழரும் பங்குகொண்ட வரலாறு.

இரண்டு குறிகள் போதுமா என்ற ஐயம் செக்ரோலைப் பார்த்தவருக்கு உடனே எழும். தோட்டத்தில் முழுப்பேர் மட்டுமன்றி அரைப்பேரும் உண்டு. பாதி நாளில் வேலையை விட்டவருக்கு வந்தார் என்றும் எழுத முடியாது, வரவில்லை என்றும் எழுத முடியாது. கிராணி மூன்றாவது குறி ஒன்றைப் புனைந்துகொள்வார். கணிப்பொறி புதுக்குறி புனைவதில்லை. இருக்கும் குறியையே இன்னொரு முறை இடுகிறது. ஒரு நாளுக்கு ஒரு கட்டத்திற்குப் பதில் இரண்டு கட்டங்கள் ஒதுக்கினால் சுழி சுழி, சுழி ஒன்று, ஒன்று சுழி, ஒன்று ஒன்று என நான்கு நிலைகள் கிடைக்கின்றன. வரவில்லை, அரைப்பேர், முழுப்பேர் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கிய பின்னும், மருத்துவ விடுப்புக்கு ஓரிடம் எஞ்சும். கட்டம் ஒன்று கூடுந்தோறும் நிலைகள் இரட்டிக்கின்றன: மூன்று கட்டங்களுக்கு எட்டு, நான்குக்குப் பதினாறு, பத்துக்கு 1,024.

இந்த இரட்டிப்பு தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. யாப்பிலக்கணம் அசையை நேர், நிரை என இரண்டாகவே பகுக்கிறது. அவை இரண்டிரண்டாக இணைந்தால் நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா, நிரைநிரை கருவிளம், நேர்நிரை கூவிளம் என ஈரசைச்சீர் நான்கு. அவற்றோடு நேரசை சேர்ந்தால் காய்ச்சீர் நான்கு, நிரையசை சேர்ந்தால் கனிச்சீர் நான்கு, ஆக மூவசைச்சீர் எட்டு. நாலசைச்சீர் பதினாறு. ஓரசைச்சீர் இரண்டையும் கூட்டினால் யாப்பருங்கலக்காரிகையைப் பயின்றவர் அறிந்த முப்பது வாய்பாடுகள் வந்துவிடும். இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்ற அதே ஏணி! வடமொழியில் பிங்கலரின் சந்த நூல் குறில், நெடில் அடுக்குகளை முறைப்படி விரித்து, இத்தனையாவது அடுக்கு எது என்று கண்டறியவும் விதி வகுத்தது. அது கணிதத்திற்கு மிக நெருங்கிய செயல்.

எனினும் இதைக் கொண்டு நம் முன்னோர் கணிப்பொறியைக் கண்டறிந்தனர் என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. காரிகை ஆசிரியருக்குத் தேமாவும் புளிமாவும் ஓசையின் பெயர்கள். அவற்றை எண்ணாகக் கொண்டு கூட்டவோ பெருக்கவோ அவர் முனையவில்லை. முனைய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. சுழியும் ஒன்றும் மட்டுமே கொண்டு எண்கணிதம் முழுவதையும் நடத்தலாம் என்று விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்சு. 1679ஆம் ஆண்டிலேயே குறித்துவைத்த இக்கருத்தை அவர் 1703இல் பாரிசு அறிவியல் கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். சீனத்திலிருந்த பாதிரியார் பூவே, சீனரின் பழைய குறிநூலில் முழுக்கோடும் முறிந்த கோடும் அடுக்கிய 64 உருவங்கள் உள்ளன என்று எழுதியதைக் கண்டு லைப்னிட்சு பெருமகிழ்ச்சி கொண்டார். ஆயினும் அவர் வாழ்நாளில் இக்கணக்கு ஓர் அறிவு விளையாட்டாகவே இருந்தது.

அதன் முறை எளிது. பத்தடிமான எண்ணில் வலமிருந்து இடமாக ஒன்று, பத்து, நூறு எனப் பத்து மடங்காக இடமதிப்பு ஏறுகிறது. இருமத்தில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என இரு மடங்காக ஏறுகிறது. ஒரு தொழிலாளிக்கு மாதத்தில் 26 பேர் விழுந்ததாகக் கொள்வோம். இருபத்தாறில் பதினாறு ஒன்று, எட்டு ஒன்று, நான்கு இல்லை, இரண்டு ஒன்று, ஒன்று இல்லை. ஆகவே அது 11010 என எழுதப்படும். ஐந்து கட்டங்களில் சுழி முதல் 31 வரை எதையும் எழுதலாம். எந்த மாதமும் 31 நாளைத் தாண்டுவதில்லையாதலால் எவருடைய மாத வருகைக் கணக்குக்கும் அந்த ஐந்து கட்டங்கள் போதும்.

பத்துக் குறிகளை விட்டு இயந்திரம் ஏன் இரண்டைப் பிடித்துக்கொண்டது? விடை தோட்டத்திலேயே கிடைக்கிறது. பெரட்டில் நடப்பது ஒன்று. மாலையில் பால் நிறுக்கும் கொட்டகையில் நடப்பது வேறொன்று. பாலில் எவ்வளவு உலர் ரப்பர் உண்டு என்று அறிய மெட்ரோலாக் என்னும் மிதப்புக் கருவியைப் பாலில் விடுவார்கள். கருவி மூழ்கும் ஆழத்தை அதன் கழுத்திலுள்ள கோடுகளால் அளப்பார்கள். பால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றால் மேல் கோடா, கீழ் கோடா? நுரை மறைத்தால்? விளிம்பு வளைந்து ஏறியிருந்தால்? எடைக்கேற்ற கூலி பெற்றவருக்கு அந்த அரைக்கோட்டில் காசு இருந்தது. தொடர்ந்து ஏறி இறங்கும் அளவை எதுவாயினும் அதைக் குறியாக மாற்றும் இடத்தில் பிணக்கு உண்டாகும். பெரட்டில் ஆள் நின்றாரா இல்லையா என்பதில் அத்தகைய பிணக்குக்கு இடம் மிகக் குறைவு.

மின்சாரமும் இத்தகையதே. கம்பியில் ஓடும் மின்னழுத்தம் வெப்பத்தால் தடுமாறும்; பக்கத்துக் கம்பியின் அதிர்வால் கலங்கும். பத்து நிலைகளை வைத்தால் ஏழுக்கும் எட்டுக்கும் இடையே இயந்திரம் திகைக்கும். இரண்டே நிலைகளை வைத்து நடுவில் அகலமான இடைவெளி விட்டால் சிறு தடுமாற்றம் பொருளை மாற்றாது. 1946இல் அமெரிக்காவில் அறிமுகமான 'எனியாக்' என்னும் பேரியந்திரம் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களோடு பத்தடிமானத்திலேயே கணக்கிட்டது. ஓர் இலக்கத்தைக் காக்கப் பத்து நிலைகள் கொண்ட வளையம் அதற்கு வேண்டியிருந்தது. அதன் அடுத்த இயந்திரத்திற்காக 1945இல் வான் நாய்மன் பெயரால் வெளியான அறிக்கை இருமத்தையே பரிந்துரைத்தது. தருக்கத்தை உண்மை, பொய் என்ற இரண்டின் கணக்காக்கி 1854இல் ஜார்ஜ் பூல் எழுதிய நூலும், மின் சுவிட்சுகளின் இணைப்புகள் அந்தக் கணக்கையே செய்யும் என்று 1937இல் மாணவராயிருந்த கிளாடு ஷானன் காட்டிய ஆய்வுரையும் அதற்கு வழி திறந்திருந்தன. 'இரும இலக்கம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கமாகிய 'பிட்' என்னும் பெயர் 1948இல் ஷானனின் கட்டுரையால் பரவியது. அப்பெயரைச் சூட்டியவர் டுக்கி என்று ஷானனே நன்றியோடு குறித்திருக்கிறார்.

இனி எழுத்துக்கு வருவோம். ஒரு தொழிலாளியின் ஒரு வார வருகையை ஏழு கட்டங்களில் எழுதினால் எத்தனை வகை வாரங்கள் இருக்க முடியும்? இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. 1963இல் அமெரிக்கர் தங்கள் எழுத்துகளுக்கு வகுத்த 'ஆஸ்கி' என்னும் குறியட்டவணையிலும் ஏழே கட்டங்கள், 128 இடங்கள். அதில் 'ஏ' என்னும் முதல் ஆங்கிலப் பேரெழுத்துக்கு உரிய எண் 65, இருமத்தில் 1000001. வாரத்தின் முதல் நாளும் கடைசி நாளும் வந்து இடையில் ஐந்து நாள் வராத ஒருவரின் செக்ரோல் வரி அது! அதை வருகைக் கணக்கு என்று படிப்பவர் அவருக்குச் சீட்டுக் கிழிப்பார். எழுத்து என்று படிப்பவர் பாடம் தொடங்குவார். குறி மாறவில்லை, அட்டவணைதான் மாறிற்று.

ஏழு கட்டங்களுக்கு அருகே எட்டாவது கட்டம் ஒன்று ஒட்டிக்கொண்ட கதையும் செக்ரோலால் விளங்கும். மாத இறுதியில் கிராணி குறுக்கு வரிசையைக் கூட்டி ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் என்று எழுதுவார். நெடுக்கு வரிசையைக் கூட்டி ஒவ்வொரு நாளும் எத்தனை ஆள் என்று எழுதுவார். இரு கூட்டுத்தொகைகளின் முடிவும் ஒத்துப்போக வேண்டும். பின்னர் ஒரு கட்டத்தில் குறி தவறினால் அதன் குறுக்கு வரிசையும் பிசகும், நெடுக்கு வரிசையும் பிசகும். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் பிழை இருக்கிறது. தந்திக் கம்பியில் அனுப்பிய குறிகளுக்கும் இதே காவல் வேண்டியிருந்தது. ஏழு கட்டங்களில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி எட்டாவது கட்டத்தில் ஒரு சரிபார்ப்புக் குறியை இட்டு அனுப்பினர். ஒன்று தவறினால் பெறுபவர் அறிவார். பிழை உண்டு என்று அறிவதோடு நில்லாமல், எந்தக் கட்டத்தில் என்று இயந்திரமே கண்டு திருத்தும் முறையை 1950இல் ஹாமிங் என்பவர் வெளியிட்டார்.

காலப்போக்கில் எட்டுக் கட்டங்கள் ஒரு 'பைட்' என்பது நிலைத்தது. சரிபார்ப்பை வேறு வழியில் செய்யத் தொடங்கியதும் எட்டாவது கட்டம் ஓய்ந்திருந்தது. அதையும் எழுத்துக்குப் பயன்படுத்தினால் 256 இடங்கள். ஆங்கிலத்திற்குரிய 128 போக மற்றொரு 128 இடங்கள் காலி. அந்தக் காலி நிலத்தில்தான் உலகத்தின் பல மொழிகள் குடியேற வந்தன. தமிழும் வந்தது.

வந்த இடத்தில் நெருக்கடி. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்த எழுத்துகள் இவற்றின் புறம்பே. 128 இடங்களில் 247 எழுத்துகளை எப்படி அமர்த்துவது? இதே இக்கட்டை அரை நூற்றாண்டுக்கு முன் சந்தித்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த அவர், எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்துக் கால், கொம்பு, புள்ளி முதலியவற்றுக்குத் தனி விசை தந்தார். கணிப்பொறித் தமிழின் முதல் தலைமுறையினரும் அந்த வழியையே கைக்கொண்டனர். 'கொ' என்று எழுத வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என மூன்று குறிகள். கண்ணுக்குச் சரியாக இருக்கும். ஆனால் இயந்திரத்திற்கு அது ககர ஒகரம் என்று தெரியாது. மூன்று கோலங்களை வரைந்ததாகவே தெரியும்.

1984இல் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 'ஆதமி' என்ற எழுதுபொறி மென்பொருளை ஆக்கினார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். இவர் தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் 'மயிலை', சிங்கப்பூரிலிருந்து நா. கோவிந்தசாமியின் 'கணியன்' எனப் பலவும் தொடர்ந்தன. பெரும் நிறுவனங்கள் தமிழை எண்ணிப் பார்க்காத காலத்தில், பெரும்பாலும் தம் சொந்த நேரத்தையும் பணத்தையும் செலவிட்டு இவர்கள் செய்த தொண்டு எளிதன்று.

ஆயினும் ஒவ்வொருவரும் 128 இடங்களைத் தம் விருப்பப்படி நிரப்பினர். ஓர் எழுத்துருவில் ககரம் இருந்த எண்ணில் இன்னொன்றில் மகர ஈகாரம் இருந்தது. வேறொன்றில் வெறும் கொம்பு இருந்தது. சுங்கைப்பட்டாணியில் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோயில் திருவிழா அறிக்கையை, அவ்வெழுத்துரு இல்லாத அலோர்ஸ்டார் கணிப்பொறியில் திறந்தால் தலையில் கொக்கியும் கொண்டையும் அணிந்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். கோப்பிலிருந்த சுழிகளும் ஒன்றுகளும் ஒன்றுகூடக் கெடவில்லை. செக்ரோல் பத்திரமாக இருக்கிறது. அதன் குறிகளுக்கு என்ன பொருள் என்று அறிந்த கிராணிதான் இல்லை. அக்காலத்துத் தமிழாசிரியர்கள் எழுத்துருவையும் கோப்பையும் ஒரே நெகிழ்தட்டில் வைத்துக் கைக்குக் கை மாற்றினார்கள். தட்டைப் பெற்றவர் எழுத்துருவைத் தொலைத்தால் பாடக்குறிப்பு முழுவதும் தொலைந்ததற்கு ஒப்பு.

இந்நிலை தீர உடன்பாடு தேவைப்பட்டது. 1995இல் ஆஸ்திரேலியாவிலிருந்து மலேசியத் தமிழரான பாலா பிள்ளை தொடங்கிய தமிழ் இணைய மடற்குழுவில் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் கூடினர். 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு 'தாம்', 'தாப்' என்ற இரண்டு குறிமுறைகளையும் 'தமிழ் 99' விசைப்பலகையையும் ஏற்றது. மடற்குழுவில் விவாதித்து உருவான 'திஸ்கி' தனியே வழக்கில் இருந்தது. ஒன்றை வேண்டி மூன்றைப் பெற்றனர் என்று நகைக்கலாம். எனினும் நாற்பது ஐம்பது எழுத்துருக்கள் முட்டிக்கொண்ட காலத்தோடு ஒப்பிட்டால் மூன்று சிறிய தொகையே. 2000ஆம் ஆண்டில் உருவான 'உத்தமம்' என்னும் பன்னாட்டு அமைப்பு, 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தன் மாநாட்டை நடத்தியது.

இவர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே வேறொரு மேசையில் முடிவு எடுக்கப்பட்டிருந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணை என்ற நோக்கத்தோடு அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனங்கள் முன்னின்று அமைத்த ஒருங்குறி, அதாவது யூனிகோடு, 1991 அக்டோபரில் தன் முதற் பதிப்பை வெளியிட்டது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். எழுத்துகளின் வரிசை இந்திய அரசு 1988இல் வகுத்த 'இஸ்கி' அட்டவணையைப் பின்பற்றியது. அந்த அட்டவணையோ எல்லா இந்திய மொழிகளுக்கும் தேவநாகரியின் சட்டகத்தையே பொதுவாக்கியது. ஆகவே ககரத்திற்கு 2965, ஙகரத்திற்கு 2969. இடையிலுள்ள மூன்று எண்கள் வடமொழியின் மற்ற மூன்று ககரங்களுக்காக ஒதுக்கியவை. தமிழில் அவை வெறும் பாயாகக் கிடக்கின்றன.

வெற்றிடம் கிடப்பதால் தீங்கில்லை. வரிசை குலைந்ததுதான் வருத்தம் தருவது. தமிழ் நெடுங்கணக்கில் இறுதி எழுத்தாகிய றன்னகரம் 2985ஆம் எண்ணைப் பெற்றுப் பகரத்திற்கு முன்னே அமர்ந்துவிட்டது. றகரம் ரகரத்தை அடுத்து வந்தது. ளகரம் ழகரத்திற்கு முன் நுழைந்தது. ஒரு தோட்டத்துப் பெயர்ப்பட்டியலை எண் வரிசையில் அடுக்கச் சொன்னால் இயந்திரம் அகராதி அறியாத பிள்ளைபோல் அடுக்கும். தனி விதி ஒன்றை அதற்குக் கற்பித்தாக வேண்டும். அந்த விதி இன்று பெரும்பாலான கணிப்பொறிகளில் உண்டு என்பது உண்மை. வரிசையை மாற்றக் கேட்டாலும் இனி மாற்றமாட்டார்கள். ஒருமுறை தந்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதி. அந்த உறுதி தமிழுக்கு ஒரு வகையில் இடராகவும் வேறு வகையில் அரணாகவும் இருக்கிறது. இன்று எழுதும் எழுத்து நாளை வேறெழுத்தாகிவிடாது அல்லவா?

வேடிக்கையான செய்தி ஒன்று. முதற் பதிப்பில் தமிழ் இலக்கங்களுக்கு இடம் தந்தபோது ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றின் பழைய குறிகளும் சேர்ந்தன, சுழி சேரவில்லை. பழந்தமிழ் எண்முறை பத்து, நூறு, ஆயிரங்களுக்குத் தனிக்குறி இட்டு எழுதியதால் சுழியின்றியே நடந்தது. பிற்காலத்து அச்சில் வழங்கிய தமிழ்ச் சுழிக்கு 2005ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தனி எண் கிடைத்தது. சுழியும் ஒன்றுமே மூலதனமான இயந்திரத்தில் தமிழ் ஒன்று பதினான்கு ஆண்டுகள் தன் துணைக்காகக் காத்திருந்தது!

ஒருங்குறியில் மற்றொரு குறையும் எடுத்துரைக்கப்பட்டது. அதில் உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. 'டா' என்பது டகரம், காலுக்குரிய ஆகாரக் குறி என இரண்டு எண்கள். 'ம்' என்னும் தூய மெய்கூட மகரம், புள்ளி என இரண்டு எண்கள். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது இலக்கணம். அகரமேறிய மெய்யிலிருந்து புள்ளியால் அகரத்தைக் கழித்தால் மெய் பிறக்கும் என்பது இவ்வட்டவணை. இலக்கணப் பற்றுடையார்க்கு இது உவப்பாகாததில் வியப்பில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் 'தேஸ்' என்னும் பதினாறு கட்டக் குறிமுறையை அறிஞர் குழுவினர் வகுத்தனர். 2010 சூனில் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் அதையும் தரப்பாடாக அறிவித்தது. நடைமுறையில் உலகம் ஒருங்குறியோடே சென்றுவிட்டது.

இட நெருக்கடி பணப்பையைத் தொட்டது கைப்பேசி வந்தபோதுதான். ஒரு குறுஞ்செய்திக்கு ஒதுக்கிய இடம் 140 பைட், அதாவது 1,120 கட்டங்கள். எழுத்துக்கு ஏழு கட்டமாக ஆங்கிலத்தில் எழுதினால் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழ் எண்ணுக்குப் பதினாறு கட்டங்கள் வேண்டியிருந்ததால் 70 குறிகளே கொள்ளும். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியாகும்போது உண்மையில் நாற்பது எழுத்தைச் சற்றே தாண்டுவதும் அரிது. ஒரே நலம் விசாரிப்புக்குத் தமிழில் இரண்டு செய்திகளின் கட்டணம். முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியிடப்பட்டுக் கைப்பேசியில் தமிழில் எழுதும் வாய்ப்பைத் தந்தது. ஆயினும் ஆங்கில எழுத்தில் தமிழைக் குறுக்கி எழுதும் பழக்கம் இளைஞரிடையே வேரூன்றியதற்கு, மொழிப்பற்றின்மை என்று கூறும் காரணத்தினும் இந்த ஏழும் பதினாறும் பெரிய காரணம் எனலாம்.

இதற்குள் கெடாவின் முகமும் மாறியிருந்தது. பினாங்குத் தீவில் 1972இல் இன்டெல் நிறுவனம் தொழிற்சாலை தொடங்கியது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பின்னர் சில்டெரா, இன்பினியான் ஆகிய நிறுவனங்கள் அங்கே சிலிக்கான் தகடுகளிலேயே சில்லுகளைப் பொறிக்கத் தொடங்கின. தோட்டத்து லயங்களின் வாசலில் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நின்றன. பெற்றோர் பெரட்டில் நின்ற அதே நேரத்தில் மகளிர் பலர் வேலை அட்டையை அணிந்து பேருந்தில் ஏறினர். ஒரு நினைவகச் சில்லினுள் கண்ணுக்குத் தெரியாத சிறு மின்தேக்கிகள் கோடிக்கணக்கில் உள்ளன. மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. மின்னூட்டம் தானே கசிந்துவிடுமாதலால் ஒரு நொடியில் பலமுறை அதைப் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். ஓயாது பெரட்டு எடுத்துக்கொண்டே இருக்கும் கிராணி அது.

கெடா என்னும் நாட்டின் பழைய பெயரையே ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திய இராசேந்திர சோழனின் வெற்றிகளைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கடாரம் இடம்பெறுகிறது. அதுவே கெடா என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. இன்று ஒருவர் கைப்பேசியில் 'கடாரம்' என்று எழுதினால் அது 2965, 2975, 3006, 2992, 2990, 3021 என்னும் ஆறு எண்களாகிறது. இணையத்தில் பெரிதும் வழங்கும் முறையில் தமிழ் எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டுமாதலால் மொத்தம் பதினெட்டு பைட், அதாவது 144 சுழிகளும் ஒன்றுகளும்.

இவ்வாறு எண்களில் மூன்றாவது, டகரத்தின் கால், நான்காவது, ரகரம், இறுதியிலுள்ளது புள்ளி. பழைய ஓலைகளில் காலுக்கும் ரகரத்துக்கும் வடிவ வேறுபாடு கிடையாது. புள்ளி இடும் வழக்கமும் அருகிவிட்டது. படிப்பவர் இடம் நோக்கி, இது கால், இது ரகரம், இங்கே மெய் என்று தாமே தெளிந்துகொண்டார். எகர ஒகரங்களின் குறில் நெடில் மயக்கத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் தீர்க்க முனைந்தபோது, சொல்லறிந்தவர் அன்றியும் வடிவை மட்டும் அறிந்தவரும் பிழையின்றிப் படிக்க வழி செய்தார். இயந்திரம் சொல்லறியாத படிப்பாளி. அதனிடம் 3006க்கும் 2992க்கும் ஒருபோதும் மயக்கமில்லை. ஆனால் அவ்வெண்கள் காலையும் ரகரத்தையும் குறிக்கும் என்ற அட்டவணை கூடவே இருக்க வேண்டும். 1990களில் பழைய எழுத்துருக்களில் எழுதிய மலர்களும் மாநாட்டுக் கட்டுரைகளும் பாடக்குறிப்புகளும் இன்று அத்தகைய அட்டவணையைத் தேடியே மாற்றிகள் வாயிலாக ஒருங்குறிக்கு வருகின்றன. எழுத்துருவின் பெயரேனும் கோப்பில் எஞ்சியிருந்தால் பணி ஒரு நொடியில் முடிகிறது. அதுவும் இல்லாதபோது, தமிழில் அடிக்கடி வரும் எழுத்து எது, புள்ளி எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பார்த்து, எந்த எண் எந்த எழுத்து என ஒவ்வொன்றாக உய்த்துணர வேண்டியிருக்கிறது.